குடவோலையும் கோயிற் கணக்கும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் என்றொரு பழம்பெருங் கோயில் உள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை தன் தேர்தல் விதிகளை அக்கோயிற் சுவரில் கல்லிலே வெட்டி வைத்தது. இச்சாசனத்தைப் பற்றிப் பேசாத தமிழர் மேடை அரிது. குடத்துள் ஓலையிட்டு ஆளைத் தெரிந்தெடுத்த சிறப்பே பெரும்பாலும் அங்கெல்லாம் பேசப்படுகிறது. ஆனால் அதே சுவரில், குடத்துள் எவருடைய பெயர் போடப்படலாகாது என்று வகுத்த பகுதிதான் கோயில் நிர்வாகத்தில் அமர்ந்திருப்போர்க்கு மிகவும் நெருக்கமானது. பலரும் அதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

சாசனங்கள் உண்மையில் இரண்டு. முதலாவது கி.பி. 919-ஆம் ஆண்டினது, மற்றையது 921-ஆம் ஆண்டினது. முதற் சாசனம் வாரியப் பொறுப்பேற்போர் முப்பது வயதுக்கு மேற்பட்டு அறுபதுக்குட்பட்டவராய் இருக்க வேண்டும் என்றது. இரண்டாவது அதனை முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாற்றிற்று. இவ்வாறு இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்த வேண்டி வந்ததற்குக் காரணம் என்ன? கல் அதனை நேராகச் சொல்லவில்லை. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். முதற் சாசனம், வாரியம் செய்து ஓய்ந்த பெருமக்களுக்கு நெருங்கிய உறவினர் ஆகாதவர்களே வேண்டும் என்று பொதுப்படச் சொல்லி விட்டது. 'நெருங்கிய' என்னும் சொல் எந்த ஊரிலும் வாதத்துக்கு இடந்தரும் சொல். இரண்டாம் சாசனத்தில் அந்த நெகிழ்ச்சி இல்லை. வாரியத்தில் இருந்தும் கணக்குக் காட்டாதவன் விலக்கப்படுகிறான். அவனோடு சேர்த்து விலக்கப்படும் உறவு முறைகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன.

சிற்றன்னை பெரியன்னையரின் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்த மாமன், தந்தையோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், பெண் கொடுத்த மாமன், மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாளின் மக்கள், தன் மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் என்று அப்பட்டியல் நீள்கிறது. திருமண அழைப்பிதழ் அச்சிடுவோர்கூட இத்தனை முறைகளை விடாது எழுதுவதில்லை!

இங்கு ஊன்றி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. உத்திரமேரூர்ச் சபை உறவினர் எல்லாரையும் பொதுவாக ஒதுக்கிவிடவில்லை. முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்ட ஓர் ஊரில் அவ்வாறு செய்திருந்தால் ஓலையில் எழுதப் பெயரே மிஞ்சியிராது. கணக்கை ஒப்படைக்காதவனின் சுற்றத்தையே அது தடுத்தது. மைத்துனன் அமர்ந்திருக்கும் வாரியத்தில் மைத்துனனின் நிலுவைக் கணக்கு எப்படி முடிக்கப்படும் என்பதை அச்சபையார் அறிந்திருந்தனர் போலும். குறைந்த ஆட்களையே கொண்ட சிறிய சமூகம் தன் உறவுப் பின்னலை அறுத்தெறிய முடியாது. அப்பின்னல் எவ்விடத்தில் பொதுப்பொருளைத் தொடுகிறதோ அவ்விடத்தில் மட்டும் அது வேலியிட்டது.

வேலி அதனோடு நிற்கவில்லை. கடந்த மூன்றாண்டுகளுள் எந்த வாரியத்திலேனும் இருந்தவர் பெயர் குடத்துள் போகாது. ஊரார் சிறியோர் பெரியோர் அனைவரும் கூடிய சபையில், கோயில் நம்பிமார் ஒருவர் தவறாமல் வந்திருக்க, அவர்களுள் மூத்தவர் குடத்தை யாவரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பின்னர் அவன் உரக்க வாசிப்பான். நம்பிமார் அனைவரும் வாசிப்பர். விரல்களை விரிக்கச் சொன்னது ஏன் என்று விளக்கம் வேண்டுவதில்லை. கைக்குள் மறைத்த வேறோர் ஓலைக்கு இடமில்லாமற் செய்வதே அது. நல்லவர் என்று ஊரார் நம்பிய மத்தியஸ்தனுக்கும் இதுவே விதி.

இவ்வாறு வந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கம். கணக்கெழுதுவோனுக்குத் தனி விதி உண்டு. அவன் தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்கள் முன் ஒப்புவித்துத் தூயன் எனப்பட்ட பின்னரே மறுபடி கணக்கெழுதலாம். அவன் கணக்கை முடிக்க வேறொரு கணக்கனைப் புகுத்தலாகாது. தணிக்கை பயின்றோர் இவ்விதியின் அருமையை உடனே உணர்வர்.

இவற்றை எல்லாம் கூறி உத்திரமேரூரை உலக மக்களாட்சியின் தொட்டில் என்று முழங்குவது மிகை. அது பிரமதேயம். நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே குடத்தில் இடமிருந்தது; பெண்டிர்க்கும் உழுதவர்க்கும் அங்கு வழியில்லை. அக்குறையை மறைக்காமலே அதன் கணக்கு விதிகளைப் போற்றலாம். இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன், ஏறத்தாழ கி.பி. 800-இல், திருநெல்வேலிச் சீமை மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துச் சபை வேறொரு நோய்க்கு மருந்து கண்டது. எது சொன்னாலும் 'அன்று அன்று' என்று மறுத்தே காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் விதித்தது. இக்காலச் செயலவைக் கூட்டங்களில் இதனை நடைமுறைப்படுத்தினால் திருப்பணி நிதிக்குத் தட்டுப்பாடே இராது.

கடல் கடந்து வந்த தமிழர் கோயில்களைக் கட்டினர். சுவரில் எழுதிய விதிகள் உடன் வரவில்லை. சிங்கப்பூரில் நாராயண பிள்ளை 1827-இல் அத்தாப்புக் கூரையுடன் எழுப்பிய மாரியம்மன் கோயிலும், கோலாலம்பூரில் 1873-இல் தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தார் அமைத்த மகா மாரியம்மன் கோயிலும் தனிமனிதர் பக்தியிலும் கைப்பொருளிலும் பிறந்தவை. பின்னது 1920-களின் பிற்பகுதி வரை குடும்பக் கோயிலாகவே இருந்து பின்னர் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒருவர் நிலம் தருவார், மற்றொருவர் கல் தருவார், தோட்டத்துத் தொழிலாளர் சம்பளத்தில் சிறுகத் தருவர். ஒரு தலைமுறை கழிந்ததும், தந்தவர் பிள்ளைகளுக்கு அது பாட்டன் சொத்து. தந்துகொண்டே இருப்பவர்களுக்கு அது பொதுச்சொத்து. மலாயாக் கோயில் வழக்குகள் பலவற்றின் கரு இதுவே. கொடுத்தவர் பேராசை கொண்டவர் என்றோ, கேட்டவர் பொல்லாதவர் என்றோ கூறிவிட இயலாது.

இந்த இடைவெளியில் அரசு புகுந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1905-ஆம் ஆண்டு முகமதிய இந்து அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நிர்வாகம் சீர்குலைந்த அறக்கட்டளைகளை வாரியத்தின் பொறுப்பில் வைக்க அது வழிசெய்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாரியங்கள் அமைந்தன. சிங்கப்பூரில் 1968-இல் தனிச்சட்டம் வந்து, மறு ஆண்டு இந்து அறக்கட்டளை வாரியம் செயற்படத் தொடங்கிற்று. உத்திரமேரூர்க் கல்லில் உள்ள அதே 'வாரியம்' என்னும் சொல் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் தென்கிழக்காசியாவில் மீண்டும் பலகையில் ஏறியது. மலேசியாவிலோ பெரும்பாலான கோயில்கள் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, ஆண்டுப் பொதுக்கூட்டமும் கணக்கறிக்கையும் கொண்டு நடைபெறுகின்றன.

சிறிய கோயிலின் இடர்ப்பாடு பெரிய தேவஸ்தானத்தின் இடர்ப்பாடு போன்றதன்று. பூக்கடை வைத்திருப்பவர்தான் விடியற்காலை வந்து நடை திறக்கும் செயலவை உறுப்பினர். மண்டபத்துக்கு மின்கம்பி இழுத்தவர் தலைவரின் மைத்துனர். வெளியாரைவிடக் குறைந்த விலைக்கே செய்தார். அன்னதானத்துக்கு அரிசி தரும் மளிகைக் கடைக்காரர் பொருளாளர். இவர்களை விலக்கினால் தொண்டுக்கு ஆள் இல்லை. விலக்காமல் வாய்மூடி இருந்தாலோ, அடுத்த கும்பாபிஷேகக் கணக்கில் ஒரு தொகை சற்று உயர்ந்து தெரிந்தவுடன் இருபதாண்டுத் தொண்டும் ஐயத்துக்குள்ளாகிறது. குறைந்த விலைக்குச் செய்தவருக்குத்தான் அந்தப் பழி பெரிதும் வலிக்கும். ஏனெனில் அவர் குறைத்துச் செய்ததற்கு எழுத்தில் சான்று எதுவும் இருப்பதில்லை.

சிங்கப்பூரில் அறநிறுவனங்களுக்கென 2007-இல் வெளியிடப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட நிர்வாக நெறித்தொகுப்பு இதற்கு எளிய வழி காட்டுகிறது. தனக்கோ தன் குடும்பத்துக்கோ நலன் உள்ள பொருள் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர் அதனை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்; அப்பொருள் பற்றிய முடிவெடுப்பிலும் வாக்கெடுப்பிலும் அவர் கலந்துகொள்ளலாகாது. முடிவின் காரணம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். இதனோடு வேறு இரண்டு கடைகளிலும் விலை கேட்டு அத்தாள்களையும் சேர்த்துக் கோத்து வைத்தால், மைத்துனர் மின்கம்பி இழுப்பதற்குத் தடையில்லை. அவர் பெயருக்குப் பாதுகாப்பும் உண்டு. கூட்டத்தில் எழுந்து அறைக்கு வெளியே சென்று நிற்பதை நம்மவரிற் சிலர் அவமதிப்பாகக் கருதுகின்றனர். ஐந்து விரலையும் விரித்துக் காட்டிய உத்திரமேரூர் மத்தியஸ்தன் அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை.

அதே நெறித்தொகுப்பில் பொருளாளர் பற்றியும் ஒரு விதி உண்டு. அவர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் இருத்தலாகாது. மீண்டும் வர வேண்டுமாயின் இரண்டாண்டு இடைவெளி வேண்டும். பராந்தகன் காலத்துச் சபை கேட்டது மூன்றாண்டு.