அமெச்சூர் வானொலியில் செய்தி அஞ்சற் பயிற்சி

ஒருவர் எழுதிக் கொடுத்த செய்தியை, ஒரு சொல்லைக் கூட்டாமலும் ஒரு சொல்லைக் குறைக்காமலும், ஒரு வானொலி நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கும் அதிலிருந்து இன்னொன்றுக்குமாகக் கைமாற்றி, கடைசியில் உரியவரிடம் எழுத்து வடிவில் சேர்ப்பிக்கும் திறமையை, அமெச்சூர் வானொலியாளர்கள் ஆபத்தில்லாத காலத்திலேயே கூடி அப்பியாசம் செய்துகொள்வது செய்தி அஞ்சற் பயிற்சி எனப்படும். ஊதியமோ வியாபார நோக்கமோ இன்றி, அரசின் உரிமம் பெற்று, சொந்தச் செலவில் நிலையம் அமைத்து வான்வழியே உரையாடும் இவர்களை உலகம் ஹாம் என்று அழைக்கிறது. தூரதேசத்து நண்பரோடு சல்லாபிப்பதற்கு நல்ல கருவியும் ஓரளவு பேச்சு வன்மையும் போதும். பிறருடைய வார்த்தையைப் பழுதின்றி ஏந்திச் செல்வதற்கோ நெடுநாட் பழக்கமும், தன் அபிப்பிராயத்தை ஒதுக்கிவைக்கும் மன அடக்கமும் வேண்டும்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் வாழ்ந்த ஹைரம் பெர்சி மாக்சிம் என்னும் பொறியியலாளர், 1914ஆம் ஆண்டில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து அன்பர் ஒருவருக்குச் செய்தி அனுப்ப முயன்று, தம் கருவியின் வலிமை அவ்வளவு தூரத்துக்கு எட்டாமற் போகவே, இடைவழியில் வின்ட்ஸர் லாக்ஸ் என்னும் ஊரிலிருந்த வேறொருவர் வாயிலாக அதனைச் சேர்ப்பித்தார். அந்த அனுபவத்தின் பயனாக அவ்வாண்டிலேயே அமெரிக்க வானொலி அஞ்சற் கழகம் தோன்றியது. அஞ்சல் என்னும் தொழிலைத் தன் பெயரிலேயே தாங்கிய அக்கழகம், 1949இல் நாடு முழுவதற்குமான செய்திப் போக்குவரத்து முறை ஒன்றை வகுத்து, தினந்தோறும் குறித்த வேளைகளில் நிலையங்கள் வலைபோல் கூடிச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும்படி செய்தது. ஆண்டுதோறும் அக்டோபரில் அங்கே நடைபெறும் பாவனை ஆபத்துக்காலச் சோதனை, வெள்ளமும் புயலும் வந்ததாகக் கற்பித்துக்கொண்டு இத்திறமையை உரைத்துப் பார்க்கும் பரீட்சையாகும்.

செய்திக்கு நியமமான படிவம் ஒன்று உண்டு. வரிசை எண், செய்தியின் அவசர நிலை, அது பிறந்த நிலையத்தின் அழைப்புக் குறி, சொற்களின் தொகை, பிறந்த ஊர், நேரம், தேதி ஆகியவை தலைப்பில் அமையும். அடுத்து முகவரி, பின் வாசகம், ஈற்றில் கையொப்பம். சாதாரணம், நலச்செய்தி, முன்னுரிமை, அவசரம் என நிலைகள் நான்கு. வாசகம் 25 சொற்களுக்குள் அடங்குவது நலம். இவற்றுள் புதிதாக வருவோர் அலட்சியம் செய்வது சொற்றொகையை; தேர்ந்தவர்கள் உயிராக மதிப்பதும் அதனையே. மலேசியாவில் சிரம்பானை அடுத்த லாபுவில் வெள்ளம் புகுந்ததாகக் கற்பித்து, பயிற்சிச் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்ப்போம்: "லாபு தோட்டம் மூன்றாம் பிரிவில் 60 பேர் பள்ளியில் தங்கியுள்ளனர் குடிநீரும் குழந்தைப் பால்மாவும் தேவை." இதில் சொற்கள் 12. இரைச்சலுக்கிடையே "குழந்தைப்" என்னும் ஒரு சொல் நழுவிவிட்டால், மிஞ்சும் வாக்கியத்தில் இலக்கணப் பிழையும் இல்லை, பொருட் குழப்பமும் இல்லை. வாங்கியவர் ஐயம் கொள்ள யாதொரு முகாந்தரமும் இராது. உதவிச்சாலையிலிருந்து பெரியவர்கள் குடிக்கும் பால்மாவு மூட்டைகள் வந்து இறங்கும். கைக்குழந்தைகள் பட்டினி கிடக்கும். ஆனால் தலைப்பில் 12 என்றிருக்கத் தம் தாளில் 11 சொற்களே நிற்பதைக் கண்டவுடன், வாங்கியவர் ரசீது கொடுக்க மறுத்து, "வாசகம் முழுவதையும் மறுபடி சொல்லுக" என்று கேட்பார். அறிவால் கண்டுபிடிக்க இயலாத பிழையை எண்ணிக்கை காட்டிக் கொடுக்கிறது.

எண்களைத் தனித்தனி இலக்கமாகவே சொல்ல வேண்டும் என்னும் விதியும் இவ்வாறு அனுபவத்தில் பிறந்ததே. அறுபது என்பதும் இருபது என்பதும் கரகரப்பில் ஒன்றுபோல் கேட்கும். ஆறு, சுழி என்று பிரித்துச் சொன்னால் மயக்கத்துக்கு இடமில்லை. அனுப்புபவர் நாலைந்து சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தி, எதிரிலிருப்பவர் பென்சிலால் எழுதி முடிக்கும் அவகாசத்தை மனத்தில் கணித்து, பிறகே தொடர வேண்டும். வாய் ஓடும் வேகத்தில் கை ஓடாது என்பதை மறந்தவர்களால் கெட்ட செய்திகள் மிகப் பல.

மலேசியத் தமிழர் பெயர்களில் இவ்வித்தைக்கு விசேஷமான சோதனை ஒன்று காத்திருக்கிறது. முனியாண்டி என்னும் பெயர் அடையாள அட்டைகளில் ரோமன் எழுத்தில் பலவாறு பதிவாகியுள்ளது. ஒருவருக்கு ஈற்றெழுத்து ஒய், மற்றொருவருக்கு ஐ. நிவாரண முகாமின் பட்டியலில் அவ்வோர் எழுத்து மாறினால், பிழைத்திருப்பவர் காணாமற் போனவராகிவிடலாம். ஆதலால் உலகெங்கும் வழங்கும் ஒலிப்பெயர் அகரவரிசையில், மைக், யூனிஃபார்ம், நவம்பர், இந்தியா, அல்ஃபா, நவம்பர், டெல்டா, யாங்கி என்று எழுத்தெழுத்தாக ஓதுவது விதி. தமிழறியாதவர் இப்பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவிடுவார்; தமிழறிந்தவரோ தமக்குத் தெரிந்த எழுத்தமைப்புக்கு அதைத் திருத்திவிட முற்படுவார், இதுவே அதிக அபாயமானது. தந்தை பெயருக்கு முன்வரும் ஏ/எல், ஏ/பி என்னும் குறிகளை ஒரு சொல்லாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்பதையும் வலையிற் கூடுவோர் முன்கூட்டியே நிச்சயித்துக்கொள்ளல் அவசியம். தெருப் பெயரில்லாத தோட்டத்து முகவரியில், தோட்டம், டிவிஷன், லயத்து எண் என்னும் மூன்றும் வரிசை பிறழாமல் செல்ல வேண்டும்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து நில அமைப்பு இப்பயிற்சிக்கு இயற்கையே வகுத்துத் தந்த களம் எனலாம். தித்திவங்சா மலைத்தொடரின் தென்கோடிக் குன்றுகள் மாநிலத்தின் நடுவே ஓடுகின்றன. ஏறத்தாழ 1,190 மீட்டர் உயரமுள்ள தெலாப்பா புரோக் மலையும், 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலையும் சிரம்பானுக்குக் கிழக்கே நிற்கின்றன. ஹாம்கள் பெரிதும் கையாளும் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள் கண்ணுக்கு எட்டும் நேர்கோட்டை ஒட்டியே செல்லும் இயல்பினவாதலால், மலைக்கு அப்பால் கோலப்பிலாவிலோ பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களிலோ இருக்கும் கைக்கருவியின் குரல், மேற்கே கடற்கரையிலுள்ள போர்ட்டிக்சனுக்கு நேரே எட்டுவது அரிது. சாதாரண நாட்களில், மலையுச்சியில் நிறுவப்படும் ரிப்பீட்டர் என்னும் கருவி ஓர் அலைவரிசையில் கேட்டதை மற்றோர் அலைவரிசையில் உரக்க எழுப்பி இக்குறையைத் தீர்த்துவிடும். மின்சாரம் அறுந்து, அதன் மின்கலமும் தீர்ந்துபோன நாளில் யாது செய்வது? அப்போது புக்கிட் புத்துஸ் கணவாயை ஒட்டிய உயரத்தில் ஒருவரும், சிரம்பான் பட்டணத்தில் ஒருவரும், ரந்தாவ் பக்கம் ஒருவருமாக மனிதர்களே நின்று செய்தியைக் கைமாற்ற வேண்டியதாகிறது. ரிப்பீட்டரை நம்பியே நடத்தப்படும் பயிற்சி பாதிப் பயிற்சியே. அதனை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு நடத்துவதுதான் முழுப் பயிற்சி. 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் தாழ்வாகக் கட்டிய கம்பியைக் கொண்டு, அலையை மேல்நோக்கி அனுப்பி வானமண்டலத்திலிருந்து திருப்பி இறக்கி மலையைத் தாண்டுவது மற்றோர் உபாயம்; ஆசிய பசிபிக் பிரதேசத்து ஹாம்கள் ஆபத்துக்காலத்தில் கூடுவதற்கென 7.110 மெகாஹெர்ட்ஸ் குறிக்கப்பட்டிருக்கிறது.

மலாயாவில் வானொலி அமெச்சூர்களாலேயே தொடங்கிற்று என்பது நினைவு கூரத்தக்கது. 1921இல் ஜொகூர் அரசாங்கத்து மின் பொறியாளர் ஏ. எல். பிர்ச் முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்து, சங்கம் நிறுவி ஒலிபரப்பினார்; பின்னர் கோலாலம்பூர்ச் சங்கம் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பியது. இன்று தீபகற்ப மலேசிய நிலையங்கள் 9M2, 9W2 என்று தொடங்கும் குறிகளைத் தாங்குகின்றன. மார்ட்ஸ் என்னும் அமெச்சூர் வானொலிச் சங்கம் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்தில் நாட்டின் பிரதிநிதியாக இருக்கிறது.

அந்நியர் பொருட்டுச் செய்தி சுமப்பதைச் சர்வதேச விதிகள் நெடுங்காலம் கடுமையாகவே கட்டுப்படுத்தி வந்தன. தபால் தந்தி இலாகாக்களின் வருவாய்க்கு ஊறு நேரக்கூடும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, ஆபத்துக்காலத்திலும் பேரிடர் நிவாரணத்திலும் அதற்கு இடமளித்து, அவ்வேலைக்கு அமெச்சூர்களை ஆயத்தப்படுத்துமாறு அரசுகளை ஊக்கிற்று.

அந்த ஆயத்தம் எத்தகைய பயன் தரும் என்பதை அடுத்த ஆண்டே கண்கூடாகக் காண நேர்ந்தது. 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவொன்று, பாரதி பிரசாத் அம்மையாரின் தலைமையில், அந்தமான் தீவுகளிலிருந்து உலக ஹாம்களோடு உரையாடும் பொருட்டுப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. 26ஆம் நாள் காலை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கவே, பொழுதுபோக்கை அக்கணமே நிறுத்தி, தப்பியோரின் பெயர்களையும் நலச்செய்திகளையும் தலைநிலத்துக்கு அஞ்சல் செய்யும் பணியில் அக்குழு இறங்கியது. இலங்கையிலும் விக்டர் குணதிலக்க முதலிய ஹாம்கள், தென்கரை அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே அறுந்துபோன தொடர்பைத் தங்கள் கருவிகளால் இணைத்தனர். இவ்விரு இடங்களிலும் செயற்பட்டவர்கள் அன்றைக்குப் புதிதாக எதையும் கற்கவில்லை. முன்னமே கைவந்ததைச் செய்தார்கள்.

பயிற்சி நடத்துவோர் சிலவற்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சிச் செய்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் "இது பயிற்சி" என்று சொல்லாவிடில், இடையே கேட்பவர் மெய்யென நம்பித் தீயணைப்புப் படையை அழைத்துவிடக்கூடும். கடைசி நிலையத்தில் வந்து சேர்ந்த தாளை முதல் நிலையத்துத் தாளோடு பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடாத பயிற்சி வெறும் கூடிப் பேசுதலாகவே முடியும். வலையை நடத்தும் தலைமை நிலையப் பொறுப்பு ஒருவரிடமே நிலைத்துவிடாமல் முறைவைத்து மாறுவதும் அவசியம். அந்த ஒருவர் இல்லாத நாளில்தான் வெள்ளம் வரும். வின்லிங்க் போன்ற கணினி முறைகள் நீண்ட பட்டியல்களைப் பிழையின்றி அனுப்பும் ஆற்றலுடையனவாயினும், கணினி நனைந்த இடத்தில் குரலும் பென்சிலுமே மிஞ்சும்.

மலேசியாவில் தந்திச் சேவை 2012இல் நின்றுவிட்டது. கைப்பேசிக் கோபுரங்கள் சாயும் நாளில் சொல்லைச் சுமக்க எஞ்சியிருப்போருள் ஹாம்களும் அடங்குவர். தோட்டத்துப் பெயர்களையும் லயத்து முகவரிகளையும் பிறப்பிலிருந்தே அறிந்த தமிழ் இளைஞர்கள் இவ்வரிசையில் மிகுதியாக வந்து சேர வேண்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வில் தேறி, முறைப்படி அழைப்புக் குறி பெற்ற பின்னரே ஒருவர் நிலையம் இயக்கலாம்.