பேகம்பூர்: தோலும் உப்பும்

ஒட்டன்சத்திரத்தில் ஒரு நிக்காஹ் வைபவத்தை முடித்துக்கொண்டு திண்டுக்கல் வழியாக ஊர் திரும்ப நேர்ந்தபோது, நம்முடன் வந்த மாணவர்கள் சிலர் திண்டுக்கல்லில் அரைநாள் தங்கிச் செல்லலாம் என்று விரும்பினர். மலைக்கோட்டை பார்ப்பது, பூட்டு வாங்குவது, பிரியாணி உண்பது என்று அவர்கள் கையில் ஒரு திட்டமும் இருந்தது. அத்திட்டத்தில் பேகம்பூர் இல்லை. “அங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஹஜ்ரத்?” என்று அவர்களுள் ஒருவர் கேட்டார். அக்கேள்விக்கு வாகனத்தில் நாம் சொன்ன விடையே சற்று விரிவாக இக்கட்டுரை ஆகியிருக்கிறது.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 1755ஆம் ஆண்டில் மைசூர் அரசின் ஃபவ்ஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தவர் ஹைதர் அலீ. அவர் பிற்காலத்தில் மைசூரின் அதிபதியாக உயர்வதற்கு அடித்தளம் இட்ட ஊர் இதுவே. பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு ஆயுதப் பட்டறை ஒன்றை அவர் இங்கு நிறுவினார். பூட்டுக்கும் தோலுக்கும் முன்னரே இங்கு உலை மூட்டியது அப்பட்டறைதான் எனலாம். ஹைதரின் தங்கை அமீருன்னிஸா பேகம் இங்கேயே மறைந்து, பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியுள்ளார். அப்பெருமாட்டியின் நினைவே பேகம்பூர் என்னும் பெயர். 1767இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர்; மறு ஆண்டே ஹைதர் மீட்டார். 1783இல் மீண்டும் இழந்து, 1784இல் மங்களூர் உடன்படிக்கையால் மைசூருக்குத் திரும்பி, 1790இல் இறுதியாகக் கைமாறி, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கம்பெனியின் உடைமையாயிற்று. ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் கம்பெனியை எதிர்த்து அணி திரட்டி 1801இல் தூக்கிலிடப்பட்டதும், அதற்கு முன் வேலு நாச்சியார் இப்பகுதியில் அடைக்கலம் பெற்று ஹைதரின் துணையுடன் 1780இல் சிவகங்கையை மீட்டதும் பலரும் அறிந்தவை. இவ்வரலாற்றை நம் மக்கள் விருப்பத்துடன் பேசுவர். பேகம்பூரின் அடுத்த நூற்றாண்டைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

அந்நூற்றாண்டு தோலின் நூற்றாண்டு. ஊர் வழக்கில் ‘தோல் ஷாப்பு’ எனப்படும் பதனிடும் சாலைகள் பேகம்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெருகின. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிரும் சவ்வும் நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றில் பல நாள் கிடத்தி, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்துவது பழைய முறை. வறண்ட தரிசில் ஆவாரை தானே முளைக்கும். கடுக்காய் மலையிலிருந்து இறங்கும். பிற்காலத்தில் பட்டைக்காகவே ஆஸ்திரேலிய வாட்டில் மரங்களைப் பழனி மலைகளின் மேல்தளத்தில் பரவலாக நட்டனர். இன்று கொடைக்கானலில் புல்வெளிகளை விழுங்கிவிட்டதாகச் சூழலியலாளர் வருந்தும் அம்மரக்காடுகளுக்கும், கீழே இருந்த நம் தோல் ஷாப்புகளுக்கும் இப்படியொரு உறவு உண்டு.

இத்தொழிலைப் பெரும்பாலும் நம்மவர், சிறப்பாக ராவுத்தர் பெருமக்கள், ஏற்று நடத்தியதில் வியப்பில்லை. தோலைத் தீண்டுவது இழிவு என்று கருதிய சமூகச் சூழலில், தீனில் அதற்கு அத்தகைய தடை இல்லை. இறந்த ஆட்டின் தோலையும் பதனிட்டுப் பயன்கொள்ளலாமே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவிய நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் உள்ளது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையாலேயே தோல் பதனிட்டு, அவ்வருவாயைத் தர்மம் செய்து வந்ததாகவும் வரலாறு கூறும். ஹனஃபி ஃபிக்ஹில் ‘திபாகத்’ பன்றித் தோல் தவிர்ந்த விலங்குத் தோல்களைத் தூய்மையாக்கும். ஷாஃபியீயில் நாயின் தோலும் விலக்கு. மாலிக்கீ, ஹன்பலீ மத்ஹபுகளில் கருத்து இன்னும் இறுக்கம். ‘தப்பாக்’ என்பது அரபு நாடுகளில் மதிப்புக்குரிய குடும்பப் பெயர். ஆண்டுதோறும் ‘கிதாபுத் தஹாரத்’ நடத்துகையில் இவ்விடத்துக்கு வரும்போதெல்லாம் நமக்குப் பேகம்பூரின் நெடி நினைவுக்கு வருவதுண்டு.

பேகம்பூரில் செய்த பொருளைப் பேகம்பூரில் வாங்க முடியாது என்பது இத்தொழிலின் ஒரு விசித்திரம். இங்கிருந்து சென்றது பாதி பதனிட்ட தோல். ‘ஈஸ்ட் இந்தியா கிப்’ என்ற வணிகப் பெயருடன் சென்னைத் துறைமுகம் வழியாக அது லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. அங்கே தோல் வணிகத்தின் இருப்பிடம் பெர்மாண்ட்ஸி என்னும் தேம்ஸ் தென்கரைப் பேட்டை. 1833இல் அங்குத் தோல் சந்தையும் 1878இல் தோல், கம்பளி மாற்றகமும் எழுந்தன. முதல் உலகப்போரில் படைவீரர் காலணிக்கென அரசே இத்தோலை மொத்தமாக வாங்கியதால் தென்னகத் தோல் ஷாப்புகள் செழித்தன. 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. பிரித்தானியப் பேரரசுக்குள் செல்வதற்கு மட்டும் அதில் 10 விழுக்காடு சலுகை. ‘கிப்’பின் காலம் 1970களில் முடிந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையே ஊக்குவித்தது. அதற்கான இயந்திரமும் முதலும் இல்லாத சிறு முதலாளிகள் தளர்ந்தனர்.

பெர்மாண்ட்ஸி இன்று என்ன ஆயிற்று? தோல் நாற்றத்துக்குப் பெயர்பெற்ற அப்பேட்டை இப்போது லண்டனுக்கு வருவோர் தேடிச் செல்லும் இடம். ‘டேனர்’ தெரு, ‘லெதர்மார்க்கெட்’ தெரு என்ற பெயர்கள் நிலைத்துள்ளன; பழைய கிடங்குகளில் உணவகங்களும், 2003இல் திறந்த ஆடைக்கலை அருங்காட்சியகமும், 2011இல் வந்த ஓவியக்கூடமும் உள்ளன. மொராக்கோவின் ஃபாஸ் நகரிலோ, பல நூற்றாண்டுப் பழமையுடைய சாயக்குழிகளைப் பயணிகள் மாடியில் நின்று பார்க்கின்றனர். நாற்றம் தாளாதோருக்குப் புதினாக் கொத்து ஒன்றைக் கையில் கொடுக்கின்றனர். அதே நூலின் மறுமுனையான பேகம்பூரில் இத்தொழிலின் வரலாற்றைச் சொல்லும் ஒரு பலகையையும் நாம் காணவில்லை.

பலகை எழுதுவதாயின் யார் பெயரை எழுதுவது என்பது அடுத்த வினா. நம் ஜமாஅத் மலர்களைப் புரட்டினால் பள்ளிவாசலுக்கு நிலம் ஈந்த முதலாளியின் பெயர் கிடைக்கும். மதரஸாவுக்கு வக்ஃபு செய்தவர் பெயர் கிடைக்கும். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் அளவு நின்று, விரலிடுக்கும் பாதமும் வெந்து உழைத்தவர் பெயர் கிடைக்காது. அவர்களுட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களின் அடிமைநிலையையும் சங்கம் கண்டு எழுந்த கதையையும் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் ‘தோல்’ என்னும் நாவலாக எழுதினார். 2012இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. முதலாளிகளை அந்நாவல் காட்டும் விதம் நம்மவர் சிலருக்கு உவப்பாக இல்லை. ஆயினும் தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கக் கடமைப்பட்ட சமுதாயத்தினர் அதைப் படித்தே ஆகவேண்டும் என்பது நம் கருத்து. புண்பட்டால் புண்படட்டும்.

கூலியைவிட நீண்டகாலம் நிற்கும் கடன் உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்க இடப்படும் உப்பு கழுவுநீருடன் மண்ணில் இறங்கிற்று. 1903இல் சென்னையில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் தொடங்கி வைத்த குரோம் முறை பிற்காலத்தில் பரவியபோது அதன் கழிவும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தமிழகத்தின் ஐந்து மாவட்டத் தோல் பதனிடும் சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, அவ்வாண்டு நவம்பர் 30க்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பை ஏற்படுத்த ஆணையிட்டது. அன்று ‘திண்டுக்கல் அண்ணா’ எனப்பட்ட மாவட்டம் அவ்வைந்தில் ஒன்று. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று இத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. பிறருக்குத் தீங்கு விளைவித்தல் கூடாது என்பதை ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகப் பாடம் நடத்தும் நாம், இதை ஒரு நீதிமன்றம் நமக்குச் சொல்ல வேண்டியிருந்ததே என்று வெட்கியதுண்டு. பல ஷாப்புகள் மூடப்பட்டன. எஞ்சியவை சுத்திகரிப்பு நிலையத்துடன் இணைந்து நடக்கின்றன.

மாணவர்களுக்குப் பசி. சீரகச் சம்பா அரிசியும் மிளகின் காரமும் சிறு துண்டு ஆட்டிறைச்சியும் கூடிய பிரியாணியைப் பேகம்பூர்க் கடை ஒன்றில் உண்டோம். இன்று உலகறிந்த தலைப்பாக்கட்டு பிரியாணியும் 1957இல் நாகசாமி நாயுடு என்பவர் இவ்வூரில் தொடங்கிய சிறு கடைதான். அய்யலூரில் வியாழன்தோறும் கூடும் ஆட்டுச் சந்தையை நினைத்தால், இவ்வட்டாரத்தில் ஆட்டிறைச்சி சட்டிக்கும் அதன் தோல் ஷாப்புக்குமாகப் பிரிந்த கதை விளங்கும். அப்படிப் பிரிந்ததில் ஒரு பங்கு நம் அரபிக் கல்லூரிகளுக்கும் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோல்களைத் திரட்டி விற்ற பணத்தில் மாணவர் சாப்பாடு பல மாதம் நடந்த காலம் உண்டு. அண்மைய ஆண்டுகளில் தோல் விலை வீழ்ந்து, ஆட்டுத் தோலை எடுத்துவரும் வண்டி வாடகைகூடக் கட்டவில்லை. நாம் உண்ட உணவுக்கும் பேகம்பூரின் குழிகளுக்கும் இருந்த தொடர்பைச் சொன்னபோதுதான் மாணவர்கள் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தனர்.

பின்னர் மாங்காய்ப் பூட்டு ஒன்று வாங்கினோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் அலிகர் பூட்டின் மலிவு விலைக்கு முன் தள்ளாடுகிறது என்றார் கடைக்காரர்.

அஸருக்கு முன் பழைய தோல் கிடங்கொன்றின் அருகே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் கேன் தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் கொடுத்தார். முற்றத்தில் சகடையும் கயிறுமாகக் கிணறு இருந்தது. மாணவர் ஒருவர் அதைக் காட்டி, “இதில் தண்ணீர் இல்லையா, நன்னி?” என்றார்.

“தண்ணி நெறையா கெடக்கு வாப்பா. எங்க மாமனார் காலத்துல குடிச்சாங்க. இப்ப வாசல் கழுவத்தான்” என்றார் அவர்.