கூலிக்கு இட்ட வரம்பு

கணினியில் ஆடப்படும் உதைபந்தாட்ட முகாமை விளையாட்டுக்களை மாணவர் பலர் அறிவர். அவற்றிற் பந்தை உதைப்பது நம் வேலையன்று. நாம் ஒரு கழகத்தின் முகாமையாளராகிறோம். எவரை வாங்குவது, எவரை விற்பது, எவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது என்று தீர்மானிப்பதே அங்கு ஆட்டம். 1982இல் கெவின் டோம்ஸ் என்னும் ஆங்கிலேயர் சிறிய வீட்டுக் கணினிகளுக்கென ஆக்கிய 'புட்போல் மனேஜர்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதில் நான்காம் பிரிவுக் கழகமொன்றைப் பொறுப்பேற்று, ஆட்டக்காரனின் திறமையை ஒன்று முதல் ஐந்து வரையான ஓர் எண்ணாகவும் அவன் உடல் வலுவை மற்றோர் எண்ணாகவும் கண்டு, வாரந்தோறும் சம்பளக் கணக்குத் தீர்த்தல் வேண்டும். 1992இல் கொலியர் சகோதரர் வெளியிட்ட 'சம்பியன்ஷிப் மனேஜர்' இக்கணக்கை ஒரு பேரேடாகவே விரித்தது.

இவற்றிலே தேர்ந்தவர்கள் பெரிதும் விரும்புவது வரம்புகளுக்குள் அணி அமைப்பதையே. இத்தனை பேருக்கு மேற் பதியலாகாது. மொத்தச் சம்பளம் இத்தொகையைத் தாண்டலாகாது. ஒருவனுக்குக் கூட்டினால் மற்றொருவனுக்குக் குறைத்தாகவேண்டும். வயது முதிர்ந்தவனைக் காலத்தில் விற்று, இளைஞனை மலிவாகப் பிடித்து, நீண்ட ஒப்பந்தத்தாற் கட்டிவைப்பவனே கெட்டிக்காரன். இக்கணக்கு மூளைக்கு இன்பம் தருவது என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்விதிகள் விளையாட்டு ஆக்கியோனின் கற்பனையிற் பிறந்தவையல்ல. உதைபந்தாட்டக்காரன் கூலி பெறும் தொழிலாளியாக மாறிய காலத்தில், அவனை எதிர்நோக்கி வகுக்கப்பட்டவை அவை. அவ்வரலாற்றை அறிய இங்கிலாந்துக்கே செல்லவேண்டும்.

ஊதியம் பெற்று ஆடுவதை இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1885இல் அனுமதித்தது. மனமுவந்து அனுமதித்தது என்று கூறமுடியாது. உயர்குடிப் பாடசாலைகளிற் பயின்ற கனவான்கள் நடத்திய சங்கம் அது. லங்காஷயரின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் ஏற்கெனவே இரகசியமாகக் கூலி பெற்று ஆடிவந்தமையால் வேறு வழியின்றி இணங்கிற்று. 1888இல் வடக்கிலும் மத்திய பகுதியிலுமிருந்த 12 கழகங்கள் சேர்ந்து லீக்கை அமைத்தன. நிரந்தர வருமானம் வரத் தொடங்கியதும் ஆட்டக்காரரை இழந்துவிடாதிருக்கும் வழியைக் கழகங்கள் தேடின.

அவை கண்ட வழி பதிவு முறை. ஒரு கழகத்திற் பதிந்த ஆட்டக்காரன், தன் ஒப்பந்தம் முடிந்த பின்னருங்கூட, அக்கழகத்தின் சம்மதமின்றி லீக்கின் வேறு கழகத்தில் ஆடமுடியாது. கழகம் விரும்பினால் அவனை நிறுத்திவைக்கலாம். விலை குறித்து விற்கலாம். விலை கொடுப்பார் இல்லாதபோது அவன் தொழிலின்றி இருக்கவேண்டியதே. 1893 முதல் இது லீக்கின் சட்டமாயிற்று. நெசவாளி ஒருவன் ஓர் ஆலையை விட்டு மற்றோர் ஆலைக்குச் செல்லலாம். உதைபந்தாட்டக்காரனுக்கு அவ்வுரிமையும் இல்லை.

இரண்டாவது கயிறு 1901இல் வீசப்பட்டது. எந்த ஆட்டக்காரனும் வாரம் 4 பவுணுக்கு மேற் பெறலாகாது என்ற விதி அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அதனினும் கூடுதலாகப் பெற்றவர் சிலர் இருந்தனர்; அவர்களுடைய கூலி ஒரே விதியால் வெட்டப்பட்டது. 4 பவுண் அக்காலத் தொழிலாளி ஒருவனுக்கு நல்ல கூலியே என்பதையும் கூறவேண்டும். ஆயின் பெரும்பாலான ஆட்டக்காரருக்கு அந்த நான்கும் கிடைக்கவில்லை. வரம்பு என்பது உச்சத்துக்கு இடப்பட்டதேயன்றி அடிமட்டத்துக்கு இடப்பட்டதன்று.

இதற்குக் கூறப்பட்ட நியாயம் சமநிலை என்பது. பெரு நகரக் கழகங்கள் பணத்தை வீசி நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் கவர்ந்துகொண்டால் சிறு நகரக் கழகங்கள் அழிந்துவிடும் என்றனர். இந்நியாயத்தை முற்றும் பொய்யென்று ஒதுக்கிவிடலாகாது. கழக முதலாளிமார் இலாபத்துக்காகவே இவ்வாறு செய்தனர் என்று எளிதாகக் கூறவும் முடியாது. பங்குலாபம் நூற்றுக்கு 5க்கு மேற் போகலாகாது என்று உதைபந்தாட்டச் சங்கமே தடுத்திருந்தது. பணிப்பாளர்களாயிருந்த ஆலை உடைமையாளரும் மதுபான உற்பத்தியாளரும் வணிகரும் கழகத்திலிருந்து பெற்றது பெரும்பாலும் ஊரில் மதிப்பே. எனினும் தம் ஆலையிற் கைக்கொண்ட வழக்கத்தையே மைதானத்துக்கும் கொண்டுவந்தனர்: கூலியைத் தாமே குறிப்பது, ஆளைத் தாமே நிறுத்துவது.

சமநிலை என்ற நியாயம் எங்கே உடைகிறது என்பதைக் காண ஓர் எளிய கணக்குப் போதும். 1905இல் சண்டர்லண்ட் கழகத்தின் அல்ப் கொமன் என்ற முன்னணி ஆட்டக்காரரை மிடில்ஸ்பரோ 1000 பவுண் கொடுத்து வாங்கியது. ஆயிரத்தைத் தொட்ட முதல் விலை அதுவே. அவர் பெறக்கூடிய உச்ச கூலியோ வாரம் 4 பவுண். அதாவது ஒரு கழகத்திலிருந்து மறு கழகத்துக்குச் சென்ற பணம் அவருடைய 250 வாரக் கூலிக்குச் சமம். 1928இல் ஆர்சனல் கழகம் டேவிட் ஜாக்கை வாங்குவதற்கு 10,000 பவுணுக்கு மேற் கொடுத்தது. அப்போது உச்ச கூலி 8 பவுண். கணக்கு 1250 வாரமாகிறது, ஏறத்தாழ 24 ஆண்டுகள்! எந்த ஆட்டக்காரனும் அத்தனை காலம் ஆடுவதில்லை. ஆளின் கூலிக்கு வரம்பிட்டவர்கள் ஆளின் விலைக்கு வரம்பிடவில்லை. பணமுள்ள கழகம் வாங்கிக்கொண்டேயிருந்தது. 1931 முதல் 1938 வரை ஆர்சனல் ஐந்து முறை லீக்கை வென்றது கூலி வரம்பு முழு வலுவோடிருந்த காலத்திலேதான்.

வரம்பிருந்தும் கூலி வரம்பில் நிற்கவில்லை. மேசைக்குக் கீழாற் பணம் கைமாறியது. இதன் மிகப்பெரிய அத்தியாயம் மாஞ்செஸ்டர் நகரில் நிகழ்ந்தது. வேல்ஸ் நாட்டின் சேர்க் என்னும் ஊரில் 12 வயதிற் சுரங்கத்தில் இறங்கிய பில்லி மெரடித், மாஞ்செஸ்டர் சிட்டியின் வலப்பக்க ஆட்டக்காரராகி 1904இல் வெற்றிக்கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலைப் போட்டவர். மறு ஆண்டு எதிரணியாளர் ஒருவருக்கு இலஞ்சம் கொடுக்க முயன்றதாகக் குற்றஞ் சாட்டப்பட்டுத் தடை செய்யப்பட்டார். கழகம் கைவிட்டதும் அவர் வாய் திறந்தார்; கழகம் வரம்பு மீறிக் கொடுத்துவந்த கணக்குகள் வெளியாயின. 1906இல் உதைபந்தாட்டச் சங்கம் 17 ஆட்டக்காரருக்கு அபராதமும் தடையும் விதித்து, அவர்கள் அக்கழகத்துக்கு இனி ஆடலாகாதென்றது. அவ்வாண்டின் இறுதியில் மாஞ்செஸ்டரின் குயின்ஸ் ஹோட்டலில் அவர்களை வாங்க ஏனைய கழகங்களின் முகாமையாளர்கள் கூடினர். மனிதரை ஏலம்போட ஒரு ஹோட்டல் மண்டபம்! அயற்கழகமான மாஞ்செஸ்டர் யுனைட்டெட் மெரடித் உட்பட நால்வரைப் பெற்று 1908இல் லீக்கை வென்றது. கணினி விளையாட்டில் இத்தகைய வாய்ப்புக் கிட்டினால் எந்த முகாமையாளனும் மகிழ்வான்.

விற்கப்பட்டவர்களோ வேறொன்றைக் கற்றனர். 1907 டிசம்பரில், அதே நகரின் இம்பீரியல் ஹோட்டலில், மெரடித்தும் அவருடைய தோழர் சார்லி ரொபேட்ஸும் முன்னின்று ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தை அமைத்தனர். கூலி வரம்பு நீங்கவேண்டும், விரும்பிய கழகத்துக்குச் செல்லும் உரிமை வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள். 1909இல் அச்சங்கம் ஏனைய தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பிற் சேர முனைந்தபோது மேலிடம் அஞ்சிற்று. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் மைதானமும் மூடப்படுமோ என்ற அச்சம் அது. சங்கத்திலிருந்து விலகாதவர் பதிவை இழப்பர் என்று கட்டளை பிறந்தது. பலர் விலகினர். மாஞ்செஸ்டர் யுனைட்டெட் ஆட்டக்காரர் விலக மறுத்தனர். கழகம் அவர்களை நிறுத்தியதும் பலோபீல்டிற் சென்று தாமாகவே பயிற்சி செய்தனர்; 'விலக்கப்பட்டோர் கழகம்' என்று பலகையெழுதி அதனுடன் அமர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் உள்ளது. ஆட்டப் பருவம் தொடங்குமுன் சமரசம் ஏற்பட்டது. சங்கம் அங்கீகாரம் பெற்றது. கூட்டமைப்பிலிருந்து விலக நேர்ந்தது. வரம்பு வரம்பாகவே நின்றது. 1912இல் கிங்கபி என்ற ஆட்டக்காரர் அஸ்டன் வில்லா கழகத்தின் மீது தொடுத்த வழக்கிலும் தோல்வி. செலவு சங்கத்தின் கருவூலத்தையே வற்றச் செய்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். முதலாம் உலகப்போரின் பின் 9 பவுணாக ஏறிய உச்ச கூலி 1922இல் 8ஆக இறக்கப்பட்டது. 1947இல் 12, 1951இல் 14, 1958இல் 20. இதற்கிடையே 1948–49 ஆட்டப் பருவத்தில் லீக் ஆட்டங்களைக் காண வந்தோர் தொகை 4 கோடியைத் தாண்டியது. அத்தனை பேரும் எவரைக் காண நுழைவுச்சீட்டு வாங்கினார்களோ அவர்களுக்கு வாரம் 12 பவுண். 1950இல் நீல் பிராங்ளின் முதலாய சிலர் கொலம்பியாவின் பொகொற்றா நகருக்கு ஆடச் சென்றனர். அந்நாட்டு லீக் உலக உதைபந்தாட்ட அமைப்புக்கு வெளியே நின்றமையால் விலை கொடுக்காமலே ஆளெடுக்க முடிந்தது. திரும்பி வந்த பிராங்ளினுக்குத் தடை காத்திருந்தது. 1952இல் இத்தாலியின் பலேர்மோ கழகம் டொம் பினியைப் பெருந்தொகை கூறி அழைத்தது. அவருடைய பிரெஸ்டன் கழகம் விட மறுத்தது.

இறுதி மோதல் 1960இல் தொடங்கியது. தொழிற்சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹில், செயலாளர் கிளிப் லொயிட் ஆகியோர் நகரந்தோறும் கூட்டங் கூட்டினர். ஆட்டக்காரர் பெருவாரியாக வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தனர். 1961 ஜனவரி 21 அதற்குக் குறித்த நாள். மூன்று நாட்களுக்கு முன், 18ஆம் திகதி, லீக் பணிந்தது. அறுபதாண்டு வரம்பு ஒரு பிற்பகலில் நீங்கிற்று. புல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹெயின்ஸ் வாரம் 100 பவுண் பெறும் முதல் ஆட்டக்காரரானார். ஐந்து மடங்கு! முன்னைய நாள் வரை அவரிடமிருந்து எவ்வளவு பிடித்துவைக்கப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே அளவுகோல்.

முதற் கயிறு இன்னும் இருந்தது. நியூகாசில் கழகத்தின் ஜோர்ஜ் ஈஸ்ரம், ஒப்பந்தம் முடிந்தபின் வேறிடம் செல்ல விரும்பினார். கழகம் நிறுத்திவைத்தது. அவர் ஆட மறுத்து, 1960இற் சில மாதங்கள் தெற்கே தக்கை விற்பனை செய்து வயிறு வளர்த்தார். பின் ஆர்சனலுக்கு விற்கப்பட்ட போதும் வழக்கைக் கைவிடவில்லை. 1963 ஜூலையில் நீதிபதி வில்பர்போர்ஸ் இம்முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுப்பது என்று தீர்ப்பளித்தார். ஆயினும் ஒப்பந்தம் முடிந்தவனுக்கு விலை கேட்கும் வழக்கம் ஐரோப்பாவில் 1995 டிசம்பர் 15 வரை நீடித்தது. அன்று பெல்ஜியத்தின் ஜீன் மார்க் பொஸ்மன் ஐரோப்பிய நீதிமன்றில் வென்றார். அவருடைய பழைய கழகம் சம்பளத்தைக் காற்பங்காகக் குறைத்ததோடு, பிரான்சின் டன்கர்க் கழகத்துக்குச் செல்லவும் விடாதிருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் இத்தனை பேர்தான் ஓர் அணியில் ஆடலாம் என்ற எண்ணிக்கை வரம்பையும் அத்தீர்ப்பு நீக்கியது.

வரம்பு நீங்கியதாற் சிறு கழகங்கள் வீழ்ந்தன என்று வருந்துவோர் உளர். 1960இல் லீக்கை வென்ற பேர்ன்லி ஏறத்தாழ 80,000 பேர் வாழ்ந்த ஆலை நகரம். 1985இல் அது நான்காம் பிரிவுக்கு இறங்கியது. வருத்தம் நியாயமானதே, காரணம் வேறிடத்தில் உள்ளது. வரம்பு நீங்கிய பின் வந்த முதல் முழுப் பருவத்தில், 1962இல், லீக்கை வென்றது முதற் பிரிவுக்கு அப்போதுதான் ஏறிய இப்ஸ்விச். உண்மையிற் சமநிலை பேணிய ஏற்பாடு ஒன்று இருந்தது: நுழைவுப் பணத்தில் ஐந்திலொரு பங்கை வந்து ஆடும் அணிக்குக் கொடுப்பது. 1983இல் அதனைப் பெருங்கழகங்களே ஒழித்தன. கூலியில் சமநிலை கோரியவர்கள் வருமானத்திற் கோரவில்லை.

கணினி விளையாட்டில் வரம்புக் கணக்குக்கு மிகவும் பேர்போன அமெரிக்க லீக் 1996இல் ஆடத் தொடங்கியது. அங்கு ஆட்டக்காரன் கழகத்தோடு ஒப்பந்தம் செய்வதில்லை. முழு லீக்கும் ஒரே முதலாளி. 2007இல் டேவிட் பெக்கமை வரவழைப்பதற்கென வரம்புக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கினர். 2010 முதல் மூன்று இடம் வரை ஒதுக்கலாமென்றாயிற்று. நட்சத்திரத்தை அங்கே வைத்து, எஞ்சியோரைக் குறைந்த கூலியால் நிரப்புவதே முகாமையாளனின் சூத்திரம். அந்த எஞ்சியோர் 1997இல் தம் லீக்மீது வழக்குத் தொடுத்து 2000இலும், மேன்முறையீட்டில் 2002இலும் தோற்றனர். 2003இற் சங்கம் அமைத்தனர். 2004 இறுதியில் முதற் கூட்டு ஒப்பந்தம் பெற்றனர். 2010இல் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரை சென்று சிலருக்கு உத்தரவாதமுள்ள சம்பளத்தை வென்றனர். 2015இல், 28 வயது நிரம்பி எட்டாண்டு அந்த லீக்கில் ஆடியவன், ஒப்பந்தம் முடிந்ததும் லீக்கின் வேறு கழகத்தைத் தானே தெரிவுசெய்யலாம் என்ற விதியைப் பெற்றனர்.