பிடியரிசிக் கணக்கு

எங்கள் மஹல்லாவில் பிடியரிசிச் சட்டி இல்லாத அடுப்படியைக் காண்பது அரிது. சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை அதிலே போட்டுவிட்டுத்தான் உம்மா உலை வைப்பார். வெள்ளிக்கிழமைகளில் பையன்கள் வீடுவீடாகச் சென்று அதைச் சாக்கில் சேர்த்து வருவார்கள். மூதூர்ப் பள்ளியொன்றை அண்டியிருந்த அந்தச் சிறு தர்ம நிதியில் நானும் சாக்குச் சுமக்கும் பையனாகத்தான் சேர்ந்தேன். எழுத்து அழகாயிருக்கிறதென்று பின்னர் கணக்குக் கொப்பியை என்னிடம் தந்தார்கள்.

பழைய கொப்பிகளை அப்போதுதான் கண்டேன். விதவைக்கு இத்தனை கொத்து அரிசி, கபன் துணிக்கு இவ்வளவு, மருந்துச் செலவுக்கு இவ்வளவு. இடையில் ஒரு வரி: இலங்கைத்துறைக் கருவாட்டு வியாபாரி, 10 ரூபா.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருப்பது மூதூர். அதற்கும் தெற்கே, ஈச்சிலம்பற்றுப் பக்கம், கடலோரத் தமிழ்க் கிராமம் இலங்கைத்துறை முகத்துவாரம். அங்கிருந்து வந்த தமிழ் வியாபாரி எங்கள் நிதிக்கு ஏன் பணம் தந்தார்? மூத்த காக்கா ஒருவரிடம் கேட்டேன். "மழைக்கு நம்மட திண்ணையில படுத்த மனிசன். போகக்குள்ள தந்திட்டுப் போனாரு" என்றார். போருக்கு முந்திய உறவுகளைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த ஒற்றை வரி சொன்ன அளவுக்கு எந்தப் பேச்சும் எனக்குச் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26ஆந் திகதி அந்தக் கொப்பிகளைக் கடல் கொண்டுபோயிற்று. மூதூரிலும் கிண்ணியாவிலும் கரையோரம் சிதைந்தது. கிண்ணியா வைத்தியசாலையும் தப்பவில்லை. பிறகு உலகெங்குமிருந்து நிறுவனங்கள் பெயர்ப்பலகைகளோடு வந்தன. அவை செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் ஜனாஸாக்களைத் தேடி எடுத்தவர்களும், கிடாரம் ஏற்றிக் கஞ்சி காய்ச்சியவர்களும் ஊர்வாசிகளே. நிறுவனங்களின் பணி அறிக்கைகளாகப் பதிவாயிற்று. இவர்களுடையது எங்கும் பதிவாகவில்லை.

மாவிலாற்று அணைக்கதவு விவகாரம் யுத்தமாக மூண்டு, 2006 ஆகஸ்ட் முற்பகுதியில் மூதூருக்குள் வந்தது. இரு தரப்பு ஷெல்களுக்கும் நடுவே சனம் பள்ளிகளிலும் பாடசாலைகளிலும் அடைந்து கிடந்தது. ஆகஸ்ட் 4ஆந் திகதி பல்லாயிரம் முஸ்லிம்கள் கால்நடையாகப் புறப்பட்டனர். கிணாந்திமுனையில் புலிகள் மறித்து ஆண்களைப் பிரித்த அச்சத்தையும் தாண்டி, கந்தளாயை அடைந்தோம். அங்கே முதலில் கிடைத்தது அயல்வீட்டார் பொதி செய்து தந்த சோறு. மறுநாள் பாடசாலைக் கொப்பியொன்று வாங்கி எழுதத் தொடங்கினேன். யார் என்ன தந்தார், எந்தக் குடும்பத்துக்குப் போயிற்று என்ற விபரமே. சிங்களக் கடைக்காரர் ஒருவர் தந்த பருப்பு மூட்டை முதற் பக்கத்திலேயே இருக்கிறது.

நாங்கள் வெளியேறிய அதே நாட்களில், பட்டினிக்கு எதிரான செயற்பாடு என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் மூதூர் அலுவலக வளவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. எனினும் அவர்கள் யார், என்ன பணிக்காக அங்கே இருந்தார்கள் என்பது பதிவில் இருந்தது. அதனால்தான் உலகம் அவர்களுக்காக நீதி கேட்க முடிந்தது.

தர்மத்தை எழுதி வைப்பது முகஸ்துதியாகாதா என்று எங்கள் நிருவாகத்திலேயே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பதன் சிறப்பை ஹதீஸில் படித்தவர்கள் நாம். ஆனால் ஏழைக்கு இரகசியமாகக் கொடுப்பதைச் சிறப்பித்துச் சொல்லும் அதே அல்பகரா அத்தியாயம்தான், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் கட்டளையிடுகிறது. வாங்கியவரின் மானத்தை மறைப்பது வேறு, கணக்கை மறைப்பது வேறு. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டமும் நம்பிக்கைப் பொறுப்பாளர்களிடம் கணக்கு எதிர்பார்க்கிறது. கணக்குப் பரிசோதனை முடிந்ததும் கொப்பி எங்கே போகிறது என்பதுதான் என் கவலை.

கெய்ரோவின் பழைய பகுதியான புஸ்தாத்தில் பென் எஸ்ரா என்ற யூத ஆலயம் உண்டு. இறைவன் பெயர் எழுதப்பட்ட தாளை எறியக் கூடாதென்று அங்கே ஓர் அறையில் போட்டு வைத்தார்கள். நம் வீடுகளிலும் உள்ள பேணுதல்தான். அக்குவியலில் ஏழைகளுக்கு ரொட்டி பகிர்ந்த பட்டியல்களும் நன்கொடையாளர் பட்டியல்களும் கிடந்தன. கோய்ட்டைன் என்ற அறிஞர் அத்தகைய காகிதங்களைக் கொண்டே, பாத்திமிய, அய்யூபியக் காலத்து மத்தியதரைக் கடல் நாடுகளின் சமூக வாழ்வைப் பல பாகங்களில் எழுதினார். சுல்தான்களின் வரலாற்றில் இடம்பெறாத விதவையும் அகதியும் அந்த ரொட்டிப் பட்டியலில் இருந்தார்கள்.

எனது கந்தளாய்க் கொப்பி இன்னும் இருக்கிறது. பிரதியும் எடுத்து வைத்துள்ளேன். ஆனால் அது ஒரு பாதையின் கணக்கு மட்டுமே. அதே ஆகஸ்டில் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்த தமிழ்ச் சனம் குண்டுவீச்சுக்கு அஞ்சி, வெருகலைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடிற்று. இலங்கைத்துறை வியாபாரியின் பேரப்பிள்ளைகளும் அதில் இருந்திருக்கலாம். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது யார் என்பது என் கொப்பியில் இல்லை. வாகரையிலும் யாரோ ஒருவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால், அவரைச் சந்திக்க விரும்புகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.