எஞ்சினின் நெற்றி விளக்கு

இரவிலே புகையிரதம் ஓட்டலாம் என்ற எண்ணம் தோன்றிய காலத்தில் அதற்கேற்ற விளக்கு இருக்கவில்லை. 1830களில், அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஹொறேஷியோ அலன் என்னும் பொறியியலாளர் தட்டையான வண்டியொன்றில் மணலைப் பரப்பி, அதன்மேற் பைன் விறகை எரியவிட்டு, அவ்வண்டியை எஞ்சினுக்கு முன்னே தள்ளிச் செல்லும்படி செய்தார். பின்னர் எண்ணெய் விளக்கும் தெறிகண்ணாடியும் வந்தன. அந்நூற்றாண்டின் முடிவில், நீராவியாற் சுழலும் சிறு மின்பிறப்பாக்கியொன்று எஞ்சினின் மேலேறியது. ஓடினும் நிற்பினும் விளக்கு ஒரே அளவாய் எரியலாயிற்று.

அதே எஞ்சினைக் கையளவாகச் சுருக்கிச் செய்தோருக்கு இவ்வெளிய காரியம் நெடுங்காலம் கைகூடவில்லை. மாதிரிப் புகையிரதத்தின் மோட்டருக்கும் விளக்குக்கும் மின்சாரம் வருவது ஒரே தண்டவாளத்தினால். வேகத்தைக் கூட்ட வோல்ற்றளவைக் கூட்டுவர். நிறுத்த வேண்டின் அதனை அறவே நீக்குவர். ஆகவே, விரைந்தோடும் எஞ்சின் பளிச்சென்று ஒளிரும். நிலையத்தில் வந்து நின்றதும் குருடாகிவிடும். மோட்டருடன் தொடராக இருவாயிகளை இணைத்து, அவற்றிடையே நிலையான சிறு வோல்ற்றளவைப் பெற்று மின்குமிழை எரித்தனர் சிலர். கெட்டிக்காரத்தனமான வழிதான், எனினும், மின்சாரம் முற்றாக நின்றபின் அதுவும் உதவாது.

1985இல் ஜேர்மனியின் மேர்க்லின் நிறுவனம் இலக்கமுறைக் கட்டுப்பாட்டைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பேர்ண்ட் லென்ஸ் வகுத்த முறையைத் தழுவி, 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்க மாதிரிப் புகையிரதச் சங்கம் பொது நியமங்களை வெளியிட்டது. இம்முறையிலே தண்டவாளத்தில் முழு மின்சாரமும் எந்நேரமும் உண்டு. கட்டளைகள் அம்மின்சாரத்தின் துடிப்புகளிலேயே செல்லும். எஞ்சினுக்குள் இருக்கும் குறிவிலக்கி தனக்குரிய கட்டளையை மட்டும் ஏற்று, மோட்டரையும் விளக்கையும் வெவ்வேறாக இயக்கும்.

பழைய எஞ்சினை இம்முறைக்கு மாற்றுவோர் இடறுவது பெரும்பாலும் அதன் உலோகச் சட்டத்திலேதான். கம்பியை மிச்சம்பிடிக்க எண்ணிய அக்காலத் தயாரிப்பாளர் பலர் சட்டத்தையே கம்பியாகப் பயன்படுத்தினர். மோட்டரின் ஒரு முனையும் மின்குமிழின் ஒரு முனையும் அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும். அன்று அது சிக்கனம். இன்று மோட்டரைச் சட்டத்தினின்று பிரிக்காமல் இணைத்தாற் குறிவிலக்கி நொடியிற் கருகிவிடும். பிரித்தாயிற்றா என்பதை மானிகொண்டு சோதித்த பின்னரே பற்றாசுக் கோலை எடுக்கவேண்டும்.

கம்பிகளின் நிறங்களும் நியமத்தில் அடங்கியவை. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்கு. நீலம் விளக்குகளுக்குப் பொதுவான நேர்முனை. வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு. ஒளிகாலும் இருவாயியைப் பொருத்துவதாயின் அதன் நேர்முனையை நீலத்தோடும் மறுமுனையை வெள்ளையோடும் இணைத்து, இடையிலே 1000 ஓம் அளவில் ஒரு தடையை வைப்பது வழக்கம். அத்தடையின்றேல் இருவாயி முதற்கணத்திலேயே மாண்டுபோகும். நீலக் கம்பியின் வெற்றுமுனை சட்டத்திற் படாதிருக்கச் சுருங்குகுழாயை மாட்டுதல் நன்று.

ஒளியின் நிறத்திலும் கவனம் வேண்டும். எண்ணெய் விளக்குக் காலத்து எஞ்சினின் நெற்றியில் நீலம் பாய்ந்த வெள்ளொளி எரிவது கண்ணை உறுத்துகிறது. மஞ்சள் கலந்த இருவாயியே அதற்குப் பொருந்தும். மேலுறையை மூடுமுன் விளக்குக்குரிய சுழிப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். சக்கரம் அசையாதிருக்க, நெற்றி மட்டும் ஒளிரும்.