நாவிக்

கடலில் போகும் படகுக்கும் சாலையில் ஓடும் வண்டிக்கும் கைப்பேசியோடு நடப்பவருக்கும் இருக்கும் இடத்தைச் சொல்லும் இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பு நாவிக். இந்தியாவிலும் எல்லைக்கு அப்பால் 1,500 கிலோமீட்டர் வரையிலும் 20 மீட்டருக்கு மிகாத பிழையோடு இடம் காட்டுவதற்காக இஸ்ரோ இதை வடிவமைத்தது. இதன் கோள்கள் எல்லாமே பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து ஏவப்பட்டவை.

அந்த ஏவுதளத்துக்காகத் தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடிகள் உள்ளிட்ட மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. இன்றும் ராக்கெட் ஏவும் நாளில் லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்களுக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வருகிறது. அன்றாடப் பாட்டை நம்பிய வீட்டில் அது ஒரு நாள் வருமானம். ஏவுதல் தள்ளிப்போனால் இழப்பும் கூடும். நாவிக்கின் செலவுக் கணக்கில் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். அமைப்பின் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. அதன்பின் ஜி.பி.எஸ். கருவி உலகெங்கும் சாதாரண மக்களின் கைக்கு வந்தது. ஆனாலும் அது இன்னொரு நாட்டு ராணுவத்தின் பொறுப்பில் இருப்பது. அதனால் 2006இல் இந்திய அரசு சொந்த அமைப்புக்கு ஒப்புதல் தந்தது. முதல் கோள் 2013 ஜூலை 1 அன்றும் ஏழாவது 2016 ஏப்ரல் 28 அன்றும் ஏவப்பட்டன.

நாவிக்கைப் படுத்திய இடம் கடிகாரம். கோளிலிருந்து சிக்னல் வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரக் கணக்கு 300 மீட்டர் தப்பிவிடும். முதல் கோளிலிருந்த மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் பழுதாயின. அவை வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. அந்தக் கோளுக்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31 அன்று அனுப்பிய கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2023 மே 29 அன்று சென்ற என்.வி.எஸ்.-01 கோளில் இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரம் இடம்பெற்றது. 2025 ஜனவரி 29 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் போன என்.வி.எஸ்.-02இல் வால்வு திறக்காததால் அது உரிய பாதையை எட்டவில்லை. ஏவிய பதினொன்றில் நான்கு கோள்களே முழு இடமறி சேவைக்குப் பயன்படுவதாக அந்த ஆண்டு ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

மீனவர்களுக்குச் செயற்கைக்கோள்களின் பயன் புயல் வழியாக வந்தது. 2017 ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையை விட்டுச் சில மைல் போனாலே கைப்பேசி வேலை செய்யாது. 2019 அக்டோபரில் வெளியான ஜெமினி கருவி, ககன் என்னும் இன்னொரு இந்திய அமைப்பின் கோள்கள் வழியே வரும் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் வாங்கிப் படகிலுள்ள கைப்பேசிக்குத் தந்தது. ஆனால் அதில் தகவல் வரும், போகாது. ஆபத்தில் இருப்பவர் பதில் சொல்ல வழியில்லாத கருவி பாதிக் கருவிதான். இருவழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் பிறகு வந்தது.

நடுக்கடலில் 20 மீட்டர் பொருட்டில்லை. சாலையில் அது பெரிய தூரம். ஏரிக்கு மேற்கே தடா, சூளூர்பேட்டை வழியாகப் போகும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலமே சுமார் மூன்றரை மீட்டர்தான். வண்டி நெடுஞ்சாலையில் ஓடுகிறதா, பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் ஓடுகிறதா என்று தெரியாமல் செயற்கைக்கோள் வழியாகச் சுங்கம் வாங்க முடியாது. அப்படி வாங்குவதற்கான விதி 2024 செப்டம்பரில் வந்தது. 2019 முதல் புதிய பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு இடமறி கருவியும் ஆபத்துப் பொத்தானும் கட்டாயமாயின. பேருந்து எங்கே வருகிறது என்று சொல்ல 20 மீட்டர் துல்லியம் போதும்.

நடப்பவர்களுக்குக் கிடைத்திருப்பதுதான் ஆகக் குறைவு. சாலையின் எந்த ஓரத்தில் ஒருவர் நிற்கிறார் என்று தெரிய ஓரிரு மீட்டர் துல்லியம் வேண்டும். உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னலும், காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் மாலைக்குமேல் கலங்கும் அயனி மண்டலமும் அதைக் கெடுக்கின்றன. இரண்டு அலைவரிசைகளை வாங்கும் கைப்பேசிகள் 2018 முதல் இந்தப் பிழையைக் குறைத்துவருகின்றன. அதே ஆண்டு நவம்பரில் ஜப்பான் தன் மிச்சிபிக்கி கோள்கள் வழியே சென்டிமீட்டர் அளவுத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய திருத்தங்களை இந்திய நில அளவைத் துறையின் தரை நிலையங்கள் தருகின்றன. அவற்றை இப்போதைக்குப் பெரும்பாலும் நிலம் அளப்பவர்களே பயன்படுத்துகிறார்கள்.