கோயமுத்தூர்க் கரும்பின் வடதிசைப் பயணம்

டில்லியிலிருந்து மீரட், முஜப்பர்நகர் வழியாக வடக்கு நோக்கி ரயிலில் சென்றிருக்கும் தமிழன்பர்கள், பாதையின் இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு செழித்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். அக்கரும்பு வகைகள் பலவற்றின் பெயர் 'கோ' என்ற எழுத்திலே தொடங்கி ஓர் எண்ணிலே முடியும். அந்தக் 'கோ' கோயமுத்தூரைக் குறிப்பதாகும். ஒரு மொழிச் சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேர்ச்சொல் தேடுவதையே அன்றாட அலுவலாகக் கொண்ட நமக்கு, எம்மொழியிலும் பெயர்க்க வேண்டாத இவ்வோரெழுத்தின்மீது தனியானதோர் அன்பு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை வேறாயிருந்தது. சர்க்கரைக்குப் பெயர்பெற்ற பாரத நாடே ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரையை வரவழைத்துக்கொண்டிருந்தது. நாட்டின் கரும்பு நிலங்களுள் பெரும்பகுதி ஐக்கிய மாகாணம், பஞ்சாப், பீகார் ஆகிய வடபகுதிகளிலேதான் இருந்தது. அங்கே பயிரானவை காத்தா, சரேத்தா, ஹேம்ஜா போன்ற மெல்லிய நாட்டுக் கரும்புகள். பனியையும் வறட்சியையும் அவை தாங்கின. ஆனால் விளைச்சல் சொற்பம். தென்னாட்டிலோ தடித்த, சாறு மிகுந்த கரும்பு விளைந்தது. அதனை வடக்கே கொண்டு சென்று நட்டால் மார்கழிக் குளிருக்கு ஈடுகொடாது.

இரண்டின் நற்பண்புகளையும் ஒரே பயிரில் சேர்க்கலாகாதா என்ற கேள்வி எழுந்தது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கரும்பைக் கரணை நட்டே பயிர் செய்கிறோம். கரணையிலிருந்து முளைக்கும் பயிர் தாயின் அச்சாகவே இருக்கும், புதுவகை பிறவாது. புதுவகை வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும், விதை பிடிக்க வேண்டும். கரும்பு விதை முளைக்காது என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். 1880களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் அது முளைக்கும் என்பது உறுதியாயிற்று. வடநாட்டில் கரும்பு பூத்து விதைப்பது அரிது; வடக்கு அட்சரேகை 11 பாகையில் அமைந்த கோயமுத்தூரிலோ நன்றாகவே பூக்கிறது. வடநாட்டுப் பயிருக்கான ஆராய்ச்சி நிலையம் 1912ஆம் ஆண்டு தெற்கே கோயமுத்தூரில் நிறுவப்பெற்றதன் காரணம் இதுதான். ஆங்கிலேயத் தாவர அறிஞர் சி. ஏ. பார்பர் தலைவராகவும், டி. எஸ். வெங்கட்ராமன் அவருக்கு உதவியாளராகவும் அமர்ந்தனர்.

அவர்கள் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளையைக் கண்டால் எவரும் நகைத்திருப்பர். அது நாணல்! ஆற்றோரங்களில் தானே மண்டும் புல். இந்தி பேசும் பகுதிகளில் 'காஸ்' என்பர்; வங்கத்திலுள்ள நம்மவர், துர்க்கா பூஜைக் காலத்தில் வெண்கொண்டையுடன் ஆடும் 'காஷ்' பூவாக இதனை அறிவர். நாணலில் இனிப்பு மிகக் குறைவு. உழவனுக்கு அது களை. எனினும் வெள்ளத்தில் அழுகாது, வறட்சியில் மாயாது, குளிரில் கருகாது. 'வெள்ளை' என்னும் தென்னாட்டுக் கரும்பை நாணலோடு கலந்தார்கள். கரும்பின் பூங்கதிரில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் உண்டு. விதையோ பஞ்சிழையோடு ஒட்டிக்கிடக்கும் தூசியளவே. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணம். ஆயிரக்கணக்கான நாற்றுக்களை வளர்த்து, சோதித்து, கழித்து, இறுதியில் ஒன்றிரண்டே தேறும். அவ்வாறு தேறிய 'கோ 205' 1918ஆம் ஆண்டு பஞ்சாபில் பயிருக்கு வந்தது. அங்குள்ள நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது.

1919இல் பார்பருக்குப் பின் பொறுப்பேற்ற வெங்கட்ராமன் 1942 வரை அப்பணியை நடத்தினார். கோ 213, கோ 290, கோ 312 எனப் புதுவகைகள் தொடர்ந்து வந்தன. தென்னாட்டுக்கென்று கோ 419 தோன்றியது. 1932இல் அரசாங்கம் சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு அளித்தபோது நாட்டில் ஏறத்தாழ 30 ஆலைகளே இருந்தன. சில ஆண்டுகளுக்குள் அவை நூற்றுக்கு மேற்பட்டன. சட்டத்தைப் பற்றி எழுதுவோர் பலர் கரும்பை மறந்துவிடுகின்றனர். ஆலைக்கு அரைக்கக் கரும்பு இல்லையேல் சட்டம் என்ன செய்யும்?

1934இல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் மரபணு ஆய்வாளராக அந்நிலையத்தில் சேர்ந்தார். சென்னையில் பயின்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் அவர். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து காட்டினார். கலப்பினங்களின் உயிரணுக்களில் நிறக்கோல்கள் எவ்வாறு அமைகின்றன என்று உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே ஆராய்ந்தார். பயனுள்ள பயிரைத் தருவதோடு, அது எவ்வாறு பயனுள்ளதாயிற்று என்பதை விளக்கவும் ஒருவர் வேண்டுமல்லவா? 1939இல் அவர் இங்கிலாந்து சென்றார்.

வெற்றியின் மடியிலேயே ஓர் ஆபத்தும் வளர்ந்தது. நல்ல வகை ஒன்று கிடைத்ததும் உழவர் அனைவரும் அதனையே நட்டனர். கரணையால் பெருகும் பயிராதலின் ஒரு மாநிலம் முழுவதும் ஒரே செடி நிற்பது போலாயிற்று. 1930களின் இறுதியில் பீகாரிலும் ஐக்கிய மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலும் கோ 213ஐச் செவ்வழுகல் நோய் பற்றியது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவப்பும் இடையிடையே வெண்திட்டும் தெரியும். புளித்த சாராய வாடை வீசும். நோயுற்ற கரணையே அதனை வயலுக்கு வயல் சுமந்து சென்றது. அவ்வகையைக் கைவிட்டு வேறு வகைக்கு மாற வேண்டியதாயிற்று.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. நிலையத்தின் கர்ணால் கிளையில் உருவாகி 2009இல் வெளிவந்த கோ 0238, உத்தரப் பிரதேசக் கரும்பு நிலத்தில் பாதிக்கு மேல் பரவிற்று. உழவர் கையில் பணமும் ஆலையில் சர்க்கரையும் பெருகின. சுமார் பத்தாண்டுகளுக்குள் அதையும் செவ்வழுகல் பிடித்தது. ஒரே வகையை எல்லை கடந்து பரவவிட்டது உழவரின் குற்றம் மட்டுமன்று என்பது நம் கருத்து. அதிக எடையும் அதிகச் சர்க்கரையும் தரும் ஒன்று கையிலிருக்க, சற்றே குறைந்த இரண்டாவதை நடச் சொன்னால் எவர் நடுவார்? மாற்று வகைகளின் கரணையைப் போதிய அளவில் பெருக்கி வைப்பது ஆலைகளின் பொறுப்பும் அரசின் பொறுப்புமாகும்.

புதிய வகை ஒன்றை உருவாக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதற்கெனக் கண்ணூரில் பல நாடுகளின் கரும்புகளும் நாணல்களும் சேகரித்துக் காக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் கோயமுத்தூரில் கரும்பு பூக்குங்காலத்தில், வடமாநில ஆராய்ச்சி நிலையத்தாரும் அங்கு வந்து தத்தமக்கு வேண்டிய கலப்புக்களைச் செய்து, பஞ்சுபோன்ற அவ்விதைகளைத் தம் ஊர்களுக்குக் கொண்டு செல்கின்றனர்.